வேகமா, பத்திரமா: ஃபைல் சிஸ்டம் எதற்காகக் காத்திருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. வரும் ஒவ்வொரு பதிவையும் கோப்பின் கடைசியில் எழுதி, உடனே எஃப்சின்க் (டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கும் அழைப்பு) கூப்பிடும் ஒரு நிரல். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். விநாடிக்கு 50 பதிவைத் தாண்டவில்லை. எஃப்சின்க் வரியை எடுத்துவிட்டால் பல்லாயிரம் ஓடுகிறது. ஃபைல் சிஸ்டத்தை இவ்வளவு மந்தமாகவா வடிவமைப்பார்கள்? வேகமும் நம்பகமும் ஒருசேரக் கிடைக்கும் ஃபைல் சிஸ்டம் எது?

முதலில் அந்த 50. தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றினால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு 120 சுற்று. ஒன்று தட்டில் பதிந்த பிறகே அடுத்தது என்று கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே போனால், எந்த மென்பொருளாலும் 120-க்கு மேல் பெரிதாகப் போக முடியாது. உங்கள் நிரல் பதிவுக்கு ஒரு முறை எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே நடப்பது வேறு: டேட்டா பிளாக் ஓர் இடத்தில், ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பகுதி) பிளாக்குகள் இன்னோர் இடத்தில், அவை பதிந்ததும் “முழுமை” என்று குறிக்கும் கமிட் பிளாக். ஹெட் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், தட்டு இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டும். 50 நியாயமான எண்தான். இதே டிஸ்க்கில் எஃப்சின்க்குடன் 3000 வந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்: நடுவில் ஏதோ ஒரு அடுக்கு பொய் சொல்கிறது என்று.

எஃப்சின்க் இல்லாமல் வந்த பல்லாயிரம் என்பது டிஸ்க்கின் வேகமே இல்லை, ரேமின் வேகம். ரைட் அழைப்பு திரும்பும்போது உங்கள் பைட்டுகள் இயங்குதளத்தின் மையமான கர்னலின் பேஜ் கேஷில் (கோப்புகளுக்கான ரேம் பகுதியில்) இருக்கின்றன, அவ்வளவுதான். லினக்ஸின் வழக்கமான அமைப்பில், அழுக்குப் பக்கம் (மாறியும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாத ரேம் பக்கம்) 30 விநாடி பழையதானால் எழுதப்பட வேண்டிய வரிசைக்கு வரும். அதைப் பார்க்கும் வேலையாள் 5 விநாடிக்கு ஒருமுறை விழிக்கும். அதற்குள் மின்சாரம் போனால் போனதுதான். சி மொழியின் எஃப்ரைட் பயன்படுத்தினால் இன்னோர் அடுக்கும் உண்டு: பைட்டுகள் உங்கள் நிரலின் சொந்த பஃபரிலேயே தங்கியிருக்கும். அந்த பஃபரைக் காலிசெய்யும் எஃப்ஃப்ளஷ் செய்யாமல் எஃப்சின்க் மட்டும் கூப்பிட்டு, எல்லாம் பத்திரம் என்று நம்பியிருக்கும் நிரல்கள் ஏராளம். கடைசி அடுக்கு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் கேஷ். டிஸ்க் “எழுதிவிட்டேன்” என்று சொல்வதற்கும் தட்டில் பதிவதற்கும் நடுவே, அந்தக் கேஷைக் காலிசெய்யச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளை போனால் தவிர எந்த உறுதியும் கிடையாது. அந்தக் கேஷ், வசதிக்கு ஏற்ப எழுதும் வரிசையையும் மாற்றும்.

வரிசை மாறுவதுதான் விஷயத்தின் மையம். ஃபைல் சிஸ்டத்திடம் நாம் எதிர்பார்ப்பவை இரண்டு. ஒன்று, மின்சாரம் எந்த நொடியில் போனாலும் கட்டமைப்பு குலையக் கூடாது. இதற்குத் தேவை, எழுத்துகள் (டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு செயலும்) சரியான வரிசையில் தட்டுக்குப் போவது. மற்றொன்று, “எழுதியாயிற்று” என்று சொன்னது திரும்ப வந்து பார்க்கும்போது இருக்க வேண்டும். இதற்குத் தேவை காத்திருப்பது. வரிசையைக் காப்பாற்ற ஆகும் செலவு, புத்திசாலித்தனமான வடிவமைப்பில் மிகக் குறைவு. காத்திருப்பதற்கு ஆகும் செலவை யாராலும் ஒழிக்க முடியாது, பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். நல்ல வடிவமைப்புகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவை. பிரிக்காதவை மந்தமாக இருந்தன, அல்லது கோப்புகளைத் தின்றன.

வரிசை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு, கோப்பின் கடைசியில் 4 கேபி சேர்ப்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று இடங்கள் மாற வேண்டும்: டேட்டா பிளாக், அதைச் சுட்டும் ஐநோட் (கோப்பின் விவரக் குறிப்பு), அந்த பிளாக் எடுக்கப்பட்டுவிட்டது என்று குறிக்கும் பிட்மேப். நடுவில் மின்சாரம் போகிறது. டேட்டா மட்டும் பதிந்திருந்தால் கெடுதல் இல்லை, யாரும் அதைச் சுட்டவில்லை. பிட்மேப் மட்டும் பதிந்திருந்தால் ஒரு பிளாக் யாருக்கும் பயன்படாமல் வீணாகும், அதுவும் பொறுக்கலாம். ஐநோட் மட்டும் பதிந்திருந்தால் ஆபத்து: பிட்மேப் அந்த பிளாக்கைக் காலி என்கிறது, நாளை அது வேறொரு கோப்புக்குக் கொடுக்கப்படும், இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஐநோட்டும் பிட்மேப்பும் பதிந்து டேட்டா மட்டும் பதியாவிட்டால் கட்டமைப்பில் குறையே தெரியாது; ஆனால் கோப்பைத் திறந்தால் அந்த பிளாக்கில் முன்பு இருந்தது தெரியும். அது இன்னொரு பயனர் நேற்று அழித்த கடிதமாகவும் இருக்கலாம். ஆக இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

1980-களின் பெர்க்லி யூனிக்ஸின் எஃப்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இதற்கு நேரடி வழியைப் பிடித்தது: மெட்டாடேட்டாவை (ஐநோட், பிட்மேப் போன்ற கட்டமைப்புத் தகவலை) முறையான வரிசையில், ஒவ்வொன்றும் பதியும்வரை காத்திருந்து எழுதியது. சரியாக இருந்தது, ஆனால் நிறைய சிறு கோப்புகளை உருவாக்கும்போதும் அழிக்கும்போதும் டிஸ்க்கின் காலில் விழ வேண்டியிருந்தது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 எதிர்ப்பக்கம் போனது: வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுது, கெட்டால் எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரல் சரிசெய்துகொள்ளட்டும். வேகமாகத்தான் இருந்தது. ஆனால் எஃப்எஸ்சிகே டிஸ்க் முழுவதையும் துழாவ வேண்டும். டிஸ்க் பெருக்கப் பெருக்க, இயந்திரம் எழுந்திருக்கும் நேரமும் பெருகியது. பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி பக்கம் வந்த சாஃப்ட் அப்டேட்ஸ், எது எதற்கு முன் பதிய வேண்டும் என்ற சார்புகளை நினைவகத்திலேயே கண்காணித்தது. காத்திருக்காமலே வரிசை கிடைத்தது. விபத்துக்குப் பின் மிஞ்சுவது வீணான பிளாக்குகளும் சில எண்ணிக்கைப் பிழைகளும் மட்டுமே. அழகான யோசனை. ஆனால் அந்தக் குறிமுறை படிப்பவரைப் பயமுறுத்தும் அளவு சிக்கலானது, அதனால்தான் பெரிதாகப் பரவவில்லை என்பது என் எண்ணம்.

பரவியது ஜர்னல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸில் உள்ள எக்ஸ்எஃப்எஸ், ஈஎக்ஸ்டி3 எல்லாம் இந்த வழிதான். மாற்றப் போவதை முதலில் ஒரு தனி இடத்தில் தொடர்ச்சியாக எழுதி, அது முழுமையாகப் பதிந்த பின் ஒரு கமிட் பிளாக். பிறகு சாவகாசமாக உரிய இடங்களுக்கு நகர்த்தலாம். மின்சாரம் போய் வந்தால், கமிட் உள்ளவற்றை மறுபடி செய், இல்லாதவற்றைத் தூக்கி எறி. டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் படிக்க வேண்டியது ஜர்னலை மட்டுமே.

மெட்டாடேட்டாவை இரண்டு முறை எழுதுவதால் வேகம் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது. ஈஎக்ஸ்டி3, ஈஎக்ஸ்டி4 இரண்டும் இயல்பாக 5 விநாடிக்கு ஒரு கமிட் போடுகின்றன. அந்த 5 விநாடியில் ஒரே டைரக்டரியில் 100 கோப்புகளை உருவாக்கினால், அதே டைரக்டரி பிளாக் திரும்பத் திரும்ப மாறுகிறது. ஜர்னலுக்குப் போவது அதன் கடைசி நிலை மட்டும். எஃப்எஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் நின்ற இடத்தில் ஜர்னல் மொத்தத்துக்கும் ஒரு முறை நிற்கிறது. நிற்க வேண்டிய அந்த இடம் எது என்பதும் தெளிவு: ஜர்னல் பிளாக்குகளுக்கும் கமிட் பிளாக்குக்கும் நடுவே ஒரு ஃப்ளஷ். அது இல்லாவிட்டால் டிஸ்க்கின் கேஷ் கமிட்டை முதலில் எழுதிவிடக்கூடும். மின்சாரம் வந்ததும் அரைகுறை ஜர்னலை முழுமையானதென்று நம்பி, குப்பையை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.

இப்போது மவுன்ட் செய்யும்போது (ஃபைல் சிஸ்டத்தை இயந்திரத்தோடு இணைக்கும்போது) கொடுக்கும் விருப்பங்களைப் பாருங்கள். “வேகத்துக்கு” என்று ஒரே பட்டியலில் போட்டுப் பரிந்துரைக்கப்படுபவை ஒவ்வொன்றும் விட்டுக்கொடுப்பது வேறு வேறு. கமிட் இடைவெளியை 5-லிருந்து 60 விநாடியாக்கினால், எஃப்சின்க் செய்யாத வேலையில் கூடுதலாகக் கொஞ்சம் இழக்கலாம்; கட்டமைப்புக்கு ஆபத்தில்லை. டேட்டா=ரைட்பேக் என்றால் ஐநோட் பதிந்து டேட்டா பதியாத நிலை வரலாம், அதாவது பழைய குப்பை தெரியும். இயல்பான டேட்டா=ஆர்டர்டு முறையில், டேட்டா பதிந்த பிறகே அதைச் சுட்டும் மெட்டாடேட்டா கமிட் ஆகும். பேரியர்=0 என்பதோ மேலே சொன்ன அந்த ஃப்ளஷையே எடுத்துவிடுவது; ஃபைல் சிஸ்டமே சிதையலாம். பேட்டரி காப்புள்ள ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் கருவி) இருந்தால் தவிர இதைத் தொடாதீர்கள். அப்படி இருந்தாலும் அந்த பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும். ஈஎக்ஸ்டி3 பல ஆண்டுகள் பேரியர் இல்லாமலேதான் இயல்பாக வந்தது. ஈஎக்ஸ்டி4 அதை இயல்பாகவே போட்டது. அளவெடுத்தவர்களுக்குப் புதியது மெதுவாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டேட்டா=ஜர்னல் முறை, டேட்டாவையும் இரண்டு முறை எழுதும். பெரிய கோப்புகளுக்கு அது வீண். ஆனால் அங்கும் இங்கும் சிதறிய சிறு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எஃப்சின்க் என்ற வேலைக்கு, ஜர்னலில் தொடர்ச்சியாக எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பதால் சில நேரம் இதுவே முந்துகிறது. அதிகப் பாதுகாப்பு என்றால் அதிக மந்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்ட முடியாது.

ஆர்டர்டு முறைக்கும் ஒரு விலை இருந்தது. ஈஎக்ஸ்டி3-இல் ஒரு சிறு கோப்புக்கு எஃப்சின்க் கேட்டால் ஜர்னலைக் கமிட் செய்ய வேண்டும். கமிட் செய்யுமுன், அந்த டிரான்சாக்‌ஷனில் சேர்ந்த எல்லாக் கோப்புகளின் டேட்டாவும் பதிய வேண்டும். பக்கத்தில் யாரோ 2 ஜிபி நகலெடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் 4 கேபிக்காக அந்தச் சுமையும் சேர்ந்து இறங்கும். 2008-இல் ஃபயர்பாக்ஸ் 3, வரலாற்றையும் புக்மார்க்கையும், எஃப்சின்க் கேட்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் வைக்கத் தொடங்கியபோது, லினக்ஸில் பக்கம் மாறும் நேரத்தில் உலாவி உறைந்து நின்றது இதனால்தான். வரிசையையும் காத்திருப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டதன் பலன்.

ஈஎக்ஸ்டி4, டேட்டாவுக்கு பிளாக் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. கோப்பு எவ்வளவு வளரும் என்று தெரிந்த பின் தொடர்ச்சியான இடம் தேடலாம். உடனே அழியப் போகும் தற்காலிகக் கோப்புக்கு இடமே தேட வேண்டாம். வேகம் கூடியது, முடிச்சும் தளர்ந்தது. ஆனால் 2009-இல் வேறொன்று வெளிவந்தது: விபத்துக்குப் பின் டெஸ்க்டாப் அமைப்புக் கோப்புகள் 0 பைட்டாகக் கிடந்தன. அந்த நிரல்கள் புது உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சின்க் செய்யாமல் பழைய பெயருக்கு ரீனேம் செய்துகொண்டிருந்தன. சில இன்னும் மோசமாக, பழைய கோப்பையே காலியாக்கி அதன்மேல் எழுதின. ரீனேம் மெட்டாடேட்டா, 5 விநாடியில் கமிட். டேட்டாவுக்கோ இன்னும் பிளாக்கே ஒதுக்கவில்லை. ஈஎக்ஸ்டி3-இல் தற்செயலாகக் கிடைத்துவந்த வரிசை இங்கே கிடைக்கவில்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரப்படி ஃபைல் சிஸ்டம் தவறே செய்யவில்லை. எஃப்சின்க் கேட்காதவருக்கு எந்த உறுதியும் இல்லை. ஆனாலும் 2.6.30 கர்னலில், இருக்கும் கோப்பின்மேல் ரீனேம் செய்தால் உடனே பிளாக் ஒதுக்கி டேட்டாவைக் கிளப்பிவிடும் ஏற்பாடு சேர்ந்தது. சரியான முடிவு என்பேன். தரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டி, கோப்பை இழந்தவரிடம் வாதாட முடியாது.

ஒரு கோப்பைப் பத்திரமாக மாற்றி எழுதும் முறையை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதே டைரக்டரியில் தற்காலிகக் கோப்பைத் திறக்கவும். வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ரீனேம் வேலை செய்யாது. முழுவதும் எழுதவும், ரைட் கேட்டதைவிடக் குறைவாக எழுதித் திரும்பலாம், அதைக் கவனிக்க வேண்டும். எஃப்சின்க். மூடு. ரீனேம். பிறகு அந்த டைரக்டரியைத் திறந்து அதற்கும் ஓர் எஃப்சின்க், ஏனெனில் பெயர் இருப்பது டைரக்டரியில்தான். முதல் எஃப்சின்க்கை விட்டால் காலிக் கோப்பு கிடைக்கலாம். கடைசியதை விட்டால் பழைய உள்ளடக்கமே திரும்ப வரலாம். கெடாத கோப்புதான், ஆனால் “சேமித்துவிட்டேன்” என்று பயனரிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

எஃப்சின்க் பிழை திருப்பினால், திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தது. எழுத முடியாமல் போன பக்கங்களையும் லினக்ஸ் கர்னல் சுத்தமானவை என்று குறித்துவிடும் என்பது 2018-இல்தான் அவர்களுக்கு முழுதாகப் புலப்பட்டது. இரண்டாவது எஃப்சின்க்கில் எழுத எதுவும் மிச்சமில்லை, ஆகவே வெற்றி. டேட்டா மட்டும் தட்டில் இல்லை. இப்போது போஸ்ட்கிரெஸ் பிழை வந்த இடத்திலேயே நின்று, தன் லாகிலிருந்து மீண்டெழுகிறது. உங்கள் நிரலும் அதையே செய்யட்டும்: பிழை வந்த கோப்பை நம்பாதே, கையிலிருக்கும் மூலத்திலிருந்து புதிதாக எழுது.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற காப்பி-ஆன்-ரைட் ஃபைல் சிஸ்டங்கள் இரண்டும் இயல்பாக இருப்பதன்மேல் எழுதுவதே இல்லை. மாறிய பிளாக் புது இடத்துக்குப் போகும், அதைச் சுட்டுவது அதற்கும் புது இடத்துக்கு, இப்படியே உச்சிவரை. கடைசியில் வேரை ஒரே எழுத்தில் மாற்றினால் புது நிலை. வரிசை என்பது கட்டமைப்பிலேயே அடங்கிவிட்டது. இசட்எஃப்எஸ்ஸில் சின்க்=டிசேபிள்டு போட்டு எஃப்சின்க்கையே செல்லாக்காசாக்கினாலும் ஃபைல் சிஸ்டம் குலையாது; கடைசிச் சில விநாடிகளின் வேலை மட்டும் காணாமல் போகும். ஈஎக்ஸ்டி4-இன் பேரியர்=0 உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கான விலை வேறிடத்தில். டேட்டாபேஸ் போல நடுநடுவே மாறும் கோப்பு சிதறிப்போகும். இசட்எஃப்எஸ்ஸின் இயல்பான ரெக்கார்டு அளவு 128 கேபி. 8 கேபி பக்கம் ஒன்றை மாற்ற 128 கேபியைப் படித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். கோப்பு உருவாகுமுன்பே ரெக்கார்டு அளவை டேட்டாபேஸுக்குப் பொருத்தமாகக் குறைக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இதற்கு நோடேட்டாகவ் (இருப்பதன்மேலேயே எழுதும் விருப்பம்) உண்டு, ஆனால் அதோடு டேட்டாவின் செக்சம்மும் (பைட்டுகள் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) போய்விடும். செக்சம் சின்ன விஷயமில்லை. ஜர்னல் காப்பது அரைகுறை எழுத்திலிருந்து. டிஸ்க் அமைதியாகத் தவறான பைட்டைத் திருப்பினால் அதற்குத் தெரியாது. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் மூன்றும் செக்சம் வைப்பது மெட்டாடேட்டாவுக்கு மட்டுமே.

உங்கள் நிரலுக்கு வருவோம். ஃபைல் சிஸ்டத்தை மாற்றுவதால் 50 என்பது 70 ஆகலாம். எஃப்சின்க்கின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஆயிரங்களுக்குப் போகலாம். வரும் பதிவுகளை ஒரு வரிசையில் சேர்த்து, 100 சேர்ந்ததும் அல்லது 10 மில்லிவிநாடி ஆனதும் ஒரே ரைட், ஒரே எஃப்சின்க். அது வெற்றியாகத் திரும்பிய பிறகே அந்த 100 பேருக்கும் “சேர்ந்தது” என்று பதில். விநாடிக்கு 50 எஃப்சின்க்கே என்றாலும் 5000 பதிவு, கொடுத்த வாக்கு எதுவும் குறையாமல். டேட்டாபேஸ்கள் குரூப் கமிட் என்று செய்வது இதையேதான். ஒரே பயனர், ஒவ்வொன்றாகக் காத்திருந்து அனுப்புகிறார் என்றால் மட்டும் இது உதவாது.

அடுத்தது, ஜர்னலையே தவிர்ப்பது. கோப்பு வளர்ந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு எஃப்சின்க்கும் ஐநோட்டையும் பதிய வேண்டும். 64 எம்பி கோப்பை முன்கூட்டியே பூஜ்யத்தால் நிரப்பி எஃப்சின்க் செய்து வைத்துக்கொண்டு, அதன்மேல் எழுதி எஃப்டேட்டாசின்க் (தேவையற்ற மெட்டாடேட்டாவை விட்டுவிடும் எஃப்சின்க்) கூப்பிட்டால், அளவும் மாறவில்லை, பிளாக்கும் மாறவில்லை. டேட்டா எழுத்தும் ஒரு ஃப்ளஷும் போதும். இடம் ஒதுக்கும் ஃபேலொகேட் மட்டும் செய்தால் போதாது: ஒதுக்கிய பிளாக்குகள் “இன்னும் எழுதப்படாதவை” என்ற குறியோடு இருக்கும், முதல் எழுத்தில் அந்தக் குறியை மாற்ற ஜர்னல் மறுபடி வந்துவிடும். காப்பி-ஆன்-ரைட் ஃபைல் சிஸ்டங்களில் இந்த உத்திக்குப் பொருளே இல்லை.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் நீளம், வரிசை எண், சிஆர்சி32சி என்ற செக்சம் மூன்றையும் வையுங்கள். பாதியில் மின்சாரம் போனால் கடைசித் தொகுதியில் சில செக்டர்கள் பதிந்து சில பதியாமல் இருக்கும். திறக்கும்போது முதலில் பொருந்தாத பதிவோடு நிறுத்திக்கொள்ளலாம். பழைய கோப்பைத் திரும்பப் பயன்படுத்தினால் போன சுற்றின் பதிவுகள் செக்சம் சரியாகவே நிற்கும். வரிசை எண்தான் காட்டிக்கொடுக்கும்.

வன்பொருளில் செலவழிப்பதானால், மின்வெட்டுக் காப்பு கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி. அதன் கேஷ் மின்சாரம் போனாலும் பிழைக்கும் என்பதால் ஃப்ளஷை உடனே முடித்துவிடலாம், மில்லிவிநாடிகள் மைக்ரோவிநாடிகளாகும். கெபாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டி, அளவீட்டு விளம்பரத்தில் எவ்வளவு வேகமாக இருந்தாலும், ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் திணறும். மேக்கில் சோதிப்பவர்கள் கவனிக்க: அங்கே எஃப்சின்க் டிஸ்க்கின் கேஷைக் காலிசெய்வதில்லை, அதற்கு எஃப்_ஃபுல்எஃப்சின்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். அங்கே வரும் அழகான எண்ணை லினக்ஸோடு ஒப்பிடக் கூடாது.

சோதிக்கும்போது நிரலை கில் -9 கட்டளையால் வலுக்கட்டாயமாக நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. நிரல் செத்தாலும் பேஜ் கேஷ் கர்னலிடம் பத்திரமாக இருக்கும், எஃப்சின்க்கே இல்லாத நிரலும் தேறிவிடும். விர்ச்சுவல் மெஷினைச் சட்டென நிறுத்தினால் உள்ளிருக்கும் கர்னலின் கேஷ் போகும், வெளியே ஹோஸ்ட்டின் கேஷ் தப்பிக்கும். அது அரைச் சோதனை. லினக்ஸில் டிஎம்-லாக்-ரைட்ஸ், டிஸ்க்குக்குப் போன ஒவ்வொரு எழுத்தையும் ஃப்ளஷையும் வரிசையாகப் பதிந்து வைக்கும். எந்த ஃப்ளஷ்வரை வேண்டுமோ அதுவரை மட்டும் மறுபடி ஓட்டி, அந்த நிலையில் மவுன்ட் செய்து, நிரல் “சேர்ந்தது” என்று சொன்ன பதிவுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உண்மையான டிஸ்க்கோடு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் ஒயரைப் பிடுங்கியும் பாருங்கள். டிஸ்க் பொய் சொல்கிறதா என்பது அதில் மட்டுமே தெரியும்.